கோப்பு எப்படி வேலி தாண்டுகிறது?

“இரண்டு தனித்தனி வலையமைப்புகளுக்கு நடுவே, இரண்டு நெட்வொர்க் கார்டுகள் பொருத்திய ஒரு கணினியை, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவலைக் கடத்தும் கேட்வேயாக வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக் கணினியை ‘இருக்கிறாயா?’ என்று பிங் செய்தால் பதில் வருகிறது. கோப்பு எடுக்கலாம் என்று நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் அதன் பெயரே இல்லை. எங்கே கோளாறு?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கோளாறு எங்கும் இல்லை. கேட்வே தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் பெயர் தெரியவில்லை.

கோப்பு முழுதாகப் பயணம் செய்வதில்லை, பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது என்பது பள்ளியிலேயே படித்ததுதான். ஒரு பாக்கெட்டை மட்டும் பின்தொடர்வோம். உங்கள் கணினியின் ஐ.பி. முகவரி 192.168.1.20, எதிர்ப்பக்கத்துக் கணினியுடையது 192.168.2.30, உங்கள் பக்கத்தில் கேட்வேயுடையது 192.168.1.1, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று எண்களை ஒப்பிட்டுப் பார் என்பதே இந்த மாஸ்க்கின் பொருள். மூன்றாவது எண் ஒத்துப்போகவில்லை. ஆகவே அது வெளியாள். பாக்கெட்டைக் கேட்வேயிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. “192.168.1.1 யார்?” என்று உங்கள் கணினி தன் வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. கேட்வே, தன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய 48 பிட் மேக் முகவரியைச் சொல்கிறது. பாக்கெட்டின் மேலுறையில் அந்த மேக் முகவரி எழுதப்படுகிறது. உள்ளே இருக்கும் ஐ.பி. முகவரியோ 192.168.2.30தான். கேட்வே மேலுறையைக் கிழித்துப் போடுகிறது. உள்முகவரியைப் படிக்கிறது, தனக்கு வந்ததல்ல என்று தெரிந்துகொள்கிறது. பாக்கெட் இன்னும் எத்தனை கேட்வேக்களைத் தாண்டலாம் என்று சொல்லும் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. 64 என்றால் 63. பிறகு மறுபக்கக் கார்டின் வழியே “192.168.2.30 யார்?” என்று கூவி, கிடைத்த மேக் முகவரியை எழுதிப் புத்தம்புது மேலுறை போட்டு அனுப்பிவிடுகிறது. மேலே அனுப்புநர், பெறுநர் இரண்டும் மாறிவிட்டன. உள்ளே இரண்டும் அப்படியே இருக்கின்றன. போனது படமா, கணக்கா என்று கேட்வே பார்ப்பதே இல்லை.

ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் வானொலி அலை என்றாலும் இதே உத்தி செல்லும். இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்த விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கேட்வேக்கு இந்த வேலையைத்தான் கொடுத்தார்கள். 1977 நவம்பர் 22 அன்று வானொலி, செயற்கைக்கோள், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் ஆகிய மூன்று வலையமைப்புகளைக் கேட்வேக்கள் வழியே இணைத்துக் காட்டினார்கள். செலவு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையுடையது. உடனடி லாபத்தை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் இந்த ஆராய்ச்சி நடந்திருக்காது. ஆராய்ச்சிக்கான பொதுப்பணத்தில் கைவைக்கும் ஒவ்வொரு அரசும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். நெட்வொர்க் பட்டியலில் பெயர் வருவது, ஒவ்வொரு கணினியும் “நான் இருக்கிறேன்” என்று தன் வலையமைப்புக்குள் கூவுவதால். கூவலைக் கேட்வே அக்கரைக்குக் கடத்தாது. கடத்தினால் ஒவ்வொரு கூவலும் எல்லா வலையமைப்புகளிலும் நிரம்பி வழியும். பிங் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போவதால் கடந்துவிட்டது. நீங்களும் முகவரியையே கொடுங்கள்: விண்டோஸில் இரண்டு பின்சாய்கோடுகளுக்குப் பின் 192.168.2.30 என்று தட்டினால் போதும். அப்போதும் திறக்கவில்லையென்றால், அந்தக் கணினியின் காவல் மென்பொருளான ஃபயர்வால், கோப்புப் பகிர்வுக்கான வாசலாகிய 445ஆம் போர்ட்டைத் தன் வலையமைப்புக்கு மட்டும் திறந்து வைத்திருக்கக்கூடும். அதில் உங்கள் வலையமைப்பையும் சேருங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள்.

பிங்குக்கே பதில் வராதவர்கள் கணினியை மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுகிறார்கள். காரணம் தெரியாமல் செய்யும் சடங்கு அது. திரும்பும் வழியைப் பாருங்கள். அக்கரைக் கணினிக்கும் இதே கேட்வேதான் வழி என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பாக்கெட் போய்ச் சேரும். பதில் மட்டும் வேறு வாசல் வழியே போய்த் தொலைந்துவிடும்.