பல் ஆடுவது கிளீன் செய்ததால் அல்ல

சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காபித் தோட்ட வேலை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய கடைவாய்ப்பல். சோறு மெல்லும்போது கையோடு வந்துவிட்டதாம்.

இரண்டரை வருடத்துக்கு முன் அவருக்குப் பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கை, அதாவது காரையை, எடுத்து ஈறு சிகிச்சை செய்தது நான்தான். மூன்று மாதத்தில் வரச்சொல்லி சீட்டில் எழுதியும் கொடுத்தேன். "ரத்தம் நின்னுருச்சு, வலியும் இல்ல, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன் டாக்டர்" என்றார். கூட வந்த மகனோ, "அன்னிக்கு கிளீன் பண்ணதுலதான் பல்லு லூஸாயிருச்சு" என்றார். இந்த மாதத்தில் இப்படிச் சொன்ன நான்காவது ஆள் இவர்.

தயவுசெய்து கேளுங்கள். பல்லைப் பிடித்திருப்பது எலும்பு. ஈறு நோய் அந்த எலும்பை வருடக்கணக்கில் வலியே இல்லாமல் கரைக்கிறது. கரைந்த இடத்தில் காரை கெட்டியாக அடைத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிவைத்ததுபோல் நிற்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் ஆடுவது தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் இடுக்கும் தெரியும், சில நாள் கூசும். காரையை அப்படியே விட்டால் மிச்சமிருக்கும் எலும்பும் போகும். எடுத்துவிட்டால், ஈறு ஆறியபின் லேசாக ஆடிய பற்கள் பல சமயம் இறுகுவதைப் பார்க்கிறோம்.

ஆனால் போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. கிருமிகளோ சில மாதங்களில் திரும்பிவிடும். மூன்று மாதக் கணக்கு அதனால்தான். 1978-இல் வெளியான ஒரு ஆய்வில் ஈறு சிகிச்சை பெற்ற 600 பேரைச் சராசரியாக 22 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 83 சதவீதம் பேர் இழந்தது அதிகபட்சம் மூன்று பற்கள்தான். அவர்கள் விடாமல் பராமரிப்புக்கு வந்தவர்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகை ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் வரவில்லை, ஈறு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரி அளவை (HbA1c) 7 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள், அந்த ரிப்போர்ட்டை பல் டாக்டரிடமும் காட்டுங்கள். வேர்கள் பிரியும் இடம்வரை எலும்பு இறங்கிய கடைவாய்ப்பல், சிகிச்சைக்குப் பிறகும் ஆழம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாத ஈறுப் பை (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளம்), இவை இருந்தால் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. பிரஷ் மட்டும் போதாது, பல்லிடுக்கு பிரஷ்ஷை தினமும் போடுங்கள். உப்பு, கரித்தூள் வைத்துத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

மலையிலிருந்து வர ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். வேறு வேலையாகச் சேலம் இறங்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைக்கே நேரம் ஒதுக்கித் தருகிறேன்.