கேசுவாலிட்டிக்கு வர்ற சினிமா சீன்கள்

பாம்புக்கடியோ வலிப்போ நெஞ்சுவலியோ ரோட்டு ஆக்சிடென்ட்டோ, எதுவா இருந்தாலும் டாக்டர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ பேஷண்ட் வீட்டு ஆளுங்க கையிலதான் இருப்பாரு. அந்த நேரத்துல என்ன செய்யணும்னு அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது? ஸ்கூல் புக்குல முதலுதவின்னு ஒரு பாடம் இருந்துச்சு, பரீட்சையோட அதுவும் போச்சு. மிச்சமெல்லாம் சினிமா, சீரியல், இப்ப கொஞ்ச வருஷமா வாட்சப் ஃபார்வர்டு, ரீல்ஸ். திருவாரூர் மாவட்டத்துல ஒரு தாலுகா ஜி.ஹெச் கேசுவாலிட்டில டியூட்டி பாக்குறவ நான். ஸ்ட்ரெச்சர் உள்ள வரும்போதே இவங்க எந்த சீனப் பாத்து வேலை செஞ்சிருக்காங்கன்னு பாதி நேரம் தெரிஞ்சிடும்.

பாம்புக்கடில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா டெல்டால அதுதான் அதிகம். நாத்தங்கால்ல இருந்து அறுப்பு வரைக்கும் வயல்ல எலி இருக்கும், எலி இருக்குற எடத்துல பாம்பு இருக்கும், ராத்திரி மடை பாக்கப் போறவரு செருப்புகூட இல்லாம வரப்புல நடப்பாரு.

ஒரு சம்பா அறுப்பு சமயம் ஒருத்தரத் தூக்கிட்டு வந்தாங்க, வலது கால்ல கணுக்காலுக்கு மேல கடி. தொடையில ஒரு துண்டு, முட்டிக்குக் கீழ வைக்கோல் கட்டுற கயிறு, அதுக்கும் கீழ புடவைக் கிழிசல், ஆக மூணு கட்டு. கால் பாதம் நீலமாயிருந்துச்சு. கடிவாய்ல பிளேடால கீறிவிட்டிருக்காங்க, அந்த ரத்தம் லுங்கிய நனைச்சு, ஆட்டோ சீட்ட நனைச்சு, எங்க பெட்ஷீட்டையும் நனைக்க ஆரம்பிச்சிடுச்சு. கூட வந்த மச்சான் ஒரு பெருமையோடதான் கேக்குறாரு, "கரெக்டா கட்டிருக்கோம்ல டாக்டரம்மா? வாய வெச்சு உறிஞ்சியும் துப்பிட்டேன்."

இந்த மூணையும் அவரு எங்க பாத்தாருன்னு நான் சொல்லணுமா என்ன. கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது, இது மூணும் இல்லாத பாம்புக்கடி சீன் தமிழ்ல தேடுனாலும் கெடைக்கிறது கஷ்டம்.

கண்ணாடி விரியன் விஷத்தோட வேலையே ரத்தத்த உறைய விடாம செய்யிறதுதான். அந்த நேரத்துல பிளேடால கீறுனா அந்தக் கீறல்ல இருந்து ரத்தம் வந்துகிட்டே இருக்கும், லேசுல நிக்காது. உறிஞ்சுனா விஷம் வராது, அது ஏற்கனவே சதைக்குள்ள பரவியிருக்கும், உறிஞ்சுறவரு வாயில புண்ணு இருந்தா அவருக்கும் வம்பு. இறுக்கிக் கட்டுறது இன்னும் மோசம். ரத்த ஓட்டம் நின்னு கால் அழுகிப்போக வாய்ப்பிருக்கு, அது ஒண்ணு. இன்னொண்ணு, அப்படிக் கட்டி வந்த காலப் பாத்ததும் படக்குன்னு நாங்க அவுத்துட முடியாது, தேங்கி நின்ன விஷம் மொத்தமா ஒரே நேரத்துல உடம்புக்குள்ள ஏறும், அதனால ட்ரிப்ஸ் போட்டு ஆண்டிவெனம்ங்கிற விஷமுறிவு மருந்து ஓட ஆரம்பிச்ச பிறகுதான் ஒவ்வொரு கட்டா மெதுவா லூஸ் பண்ணுவோம்.

அவருக்கு அன்னிக்கு ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு 20 நிமிஷம் அசைக்காம வெச்சோம். இதுக்கு மெஷினும் வேண்டாம் லேபும் வேண்டாம், 20 நிமிஷம் கழிச்சு டியூப சாய்ச்சுப் பாத்தா நல்ல ரத்தம் கட்டியாயிருக்கும். அவருது தண்ணியா ஓடுச்சு. ஆண்டிவெனம் வழக்கமா முதல் டோஸே 10 பாட்டில் வரைக்கும் போகும், போட்டோம், அப்புறம் கிட்னிக்காகத் தஞ்சாவூருக்கு அனுப்புனோம், பொழைச்சிட்டாரு. ஆனா அந்தக் கட்டுங்களப் போடவும் கீறவும் செலவான நேரத்துல நீடாமங்கலம் ரயில்வே கேட்டே ஒருதரம் மூடித் தொறந்திருக்கும், எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும் அது எவ்ளோ நேரம்னு.

செய்ய வேண்டியது இவ்ளோதான்: எலும்பு முறிஞ்சா ஒரு மட்டைய வெச்சு அசையாம கட்டுவோம்ல, அந்த மாதிரி காலயோ கையயோ அசைக்காம வெச்சு, மோதிரம் கொலுசு சாமிக்கயிறு இருந்தா கழட்டி, நடக்க விடாம, 108-க்கு போன் போட்டு ஆஸ்பத்திரி. மந்திரிக்கிறது, வேர் அரைச்சுக் கொடுக்குறது எல்லாம் விட்ருங்க.

பாம்ப அடிச்சு சாக்குல போட்டு தூக்கிட்டு வர்றவங்களும் உண்டு. இப்ப ரீல்ஸ்ல நல்ல பாம்ப வெறுங்கையால புடிச்சு முத்தம் கொடுக்குற ஆளுங்க வந்ததுல இருந்து, காலேஜ் பசங்க உயிரோடயே பாட்டில்ல புடிச்சிட்டு வர்றாங்க. ஒருத்தர் கடிபட்டது போதாதா? நாங்க போடுற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்தே ஒரே மருந்து, அதனால பாம்பே வேணும்னு எந்த டாக்டரும் கேக்க மாட்டாங்க. தூரத்துல இருந்து ஒரு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, முடியலன்னா கவலையில்ல. இந்த மருந்து வர்ற கதைய யாராச்சும் படமா எடுத்தா நான் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன். சென்னைக்குத் தெக்க வடநெம்மேலில 1978-ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்து ஆளுங்க பாம்பப் புடிச்சு விஷம் எடுத்துட்டு திரும்ப காட்டுலயே விட்ருவாங்க, அந்த விஷத்த கொஞ்சங்கொஞ்சமா குதிரைக்குப் போட்டு, அது ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்புப் பொருள எடுத்துதான் நம்ம ட்ரிப்ஸ்ல ஏத்துறாங்க. அந்த மக்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

நான் ரொம்ப பயப்படுறது கட்டுவிரியனுக்கு. ஏன்னா இங்க சினிமா நம்மள பயமுறுத்தி கெடுக்கல, தைரியம் கொடுத்து கெடுக்குது. படத்துல கடிச்ச அடுத்த நிமிஷம் ரெண்டு பல்லு பதிஞ்ச எடத்துல ரத்தம் வரும், ஒடம்பு நீலமாகும், வாயில நுரை தள்ளும். கட்டுவிரியன் கடில இதுல ஒண்ணுமே இல்லாம போகலாம். ராத்திரி தரையில பாய் போட்டுப் படுத்திருப்பாங்க, ஏதோ எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், வீங்காது, பெருசா வலிக்காது, பல்லுக்குறி கண்ணுக்கே தெரியாம போயிடும். "ஏதோ பூச்சி தொட்டுருச்சு, நுரை கிரை ஒண்ணும் வரல, படு காலையில பாத்துக்கலாம்"னு மாமியார் சொல்லுவாங்க, மருமகளும் படுத்துடும். விடியக்காலம் வயித்த வலிக்கும், அப்புறம் கண்ணு இமை தூக்க முடியாது, பேச்சு கொழகொழன்னு வரும், எச்சி முழுங்க முடியாது, அதுக்கப்புறம் மூச்சு. வெண்டிலேட்டர் இருக்குற எடத்துக்கு நேரத்தோட வந்துட்டா பொழைக்க வைக்கலாம். ஆகவே தரையில படுத்த ஆளு விடியல்ல வயித்து வலியோட எழுந்து கண்ணு சொருகுதுன்னா, கடி தெரியலன்னாலும் வண்டிய எடுங்க. முடிஞ்சா கட்டில், இல்லன்னா கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகிப் படுங்க.

2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியால பாம்புக்கடில செத்தவங்க சுமார் 12 லட்சம், வருஷத்துக்கு 58 ஆயிரம்னு ஒரு பெரிய ஆய்வு கணக்கு சொல்லுது. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்ல இருந்து ஒவ்வொரு பாம்புக்கடியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாயிருக்கு, அதனால இனிமே நமக்கு நம்ம ஊர்க் கணக்கு தெளிவா தெரிய வரும்.

சரி, வலிப்பு. சாவிக்கொத்து. இத நான் விளக்கவே வேண்டாம், பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தருக்கு வலிப்பு வந்தா சுத்தி நிக்கிற அத்தன பேரும் பாக்கெட்ல கைய விடுவாங்க. இதுல சினிமாவ மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், அதுக்கு முன்னாடியே ஊர்ல இருந்த பழக்கம்தான், சினிமா அதுக்கு முத்திரை குத்துச்சு. பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும். சாவிய தேடி எடுத்து, விரல பிரிச்சு உள்ள திணிக்கிறதுக்கும் அந்த நிமிஷம் முடியிறதுக்கும் சரியா இருக்கும், பேரு சாவிக்குப் போயிடும். சாவி கையில இருக்குறதால பெரிய கெடுதல் இல்லதான், ஆனா எல்லாரும் சாவி தேடுற நேரத்துல ஒருக்களிச்சுப் படுக்க வைக்க ஆள் இருக்காது, எச்சி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். பல்லுக்கு நடுவுல ஸ்பூன் விடுறது, வாயில தண்ணி ஊத்துறது, கைய கால அமுக்கிப் புடிக்கிறது மூணும் கூடாது. தலைக்கடியில துண்டு மடிச்சு வைங்க, சட்டைப் பட்டன லூஸ் பண்ணுங்க, மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா, இல்ல நெனவு வராமலே அடுத்தது வந்தா, உடனே 108.

நெஞ்சுவலிக்கு சினிமால ஒரே ஆக்டிங்தான். இடது கையால நெஞ்ச புடிச்சு, மூஞ்ச சுளிச்சு, அப்படியே சாயணும். நெஜத்துல வர்றவரு தானா நடந்து வருவாரு, பத்து வருஷமா சுகர் இருக்கும், குப்புன்னு வேர்க்கும், தாடை வலிக்குதும்பாரு, மேல் வயிறு ஒரு மாதிரி அடைக்குதும்பாரு. "வாயுதாம்மா, ராத்திரி பரோட்டா சாப்ட்டேன், சோடா குடிச்சேன் கேக்கல." சுகர் உள்ளவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இப்படி மறைஞ்சு வர்ற அட்டாக் சகஜம். பொம்பளைங்க விஷயத்துல இன்னும் கொடுமை, வேர்த்துக் கொட்டுதுன்னா அடுப்படி சூடுன்னு சொல்லி அவங்களே மறைச்சிடுவாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலே போதும், இதயம் காப்போம் திட்டம்னு 2023-ல ஆரம்பிச்சாங்க, மாரடைப்புன்னு சந்தேகம் வந்தா ரத்தம் கட்டாம இருக்க முதல் டோஸ் மாத்திரைய அங்கயே கொடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. தனியா இருக்கும்போது அட்டாக் வந்தா பலமா இருமிக்கிட்டே இருங்கன்னு ஒரு ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்துது, இப்ப பேக்ரவுண்ட் மியூசிக்கோட ரீலாவும் வந்துடுச்சு. இருமி யாரும் அட்டாக்க நிறுத்த முடியாது, அந்த மூச்ச 108-கிட்ட அட்ரஸ் சொல்ல வெச்சுக்குங்க. பக்கவாதம் வந்தா விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுங்கன்னு வர்ற வீடியோவும் அதே ரகம். அடைப்ப கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுக்குள்ள ஸ்கேன் வேற எடுக்கணும்.

ஷாக் கொடுக்குற சீன் இருக்கே, மானிட்டர்ல கோடு நேரா போகும், "டூய்ய்ங்"னு சத்தம், டாக்டர் ரெண்டு கட்டையத் தேய்ச்சு நெஞ்சுல வைப்பாரு, பேஷண்ட் ஒரு அடி தூக்கிப் போடும். நேர்கோட்டுக்கு ஷாக்கே கிடையாது. இதயம் தாறுமாறா துடிக்கிற சிலதுக்குத்தான் ஷாக், நேர்கோடுன்னா நெஞ்ச அமுக்குறதும் மருந்தும்தான். இது தெரியாம "ஷாக் வெக்காமயே விட்டுட்டாங்க"ன்னு எங்க வாசல்ல சண்டையே நடந்திருக்கு, அழுவுற மனுஷன்கிட்ட அந்த நேரத்துல என்ன பாடம் எடுக்குறது. நெஞ்ச அமுக்குறதும் படத்துல தப்பாத்தான் வரும், கை முட்டிய மடக்கி மெதுவா தடவுவாங்க, அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, உயிரோட இருக்குற நடிகர் நெஞ்ச நெஜமா அமுக்குனா எலும்பு உடைஞ்சிடும். நெஜத்துல கைய நேரா வெச்சு, மாருக்கு நடுவுல, அஞ்சு சென்டிமீட்டர் உள்ள போற மாதிரி, நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தரம். அப்படிச் செஞ்சாலும் நெறைய பேர் பொழைக்கிறதில்ல. 1996-ல அமெரிக்க டிவி தொடர்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல நெஞ்சமுக்குன 60 பேர்ல முக்கால்வாசி பேர் அப்பவே எழுந்துட்டாங்க. நெஜ ஆஸ்பத்திரில அந்தக் கணக்கு பக்கத்துலகூட வராது. ஆனா அமுக்காம விட்டா ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க, அதனால தெரிஞ்சவரைக்கும் அமுக்குங்க.

ஆக்சிடென்ட்ல சினிமா செஞ்ச பெரிய கெடுதல் ஒரே டயலாக். "இது போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர் இல்லாம தொட மாட்டோம்." இத இத்தன வருஷம் கேட்டுக் கேட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில அடிபட்டுக் கெடக்குறவரச் சுத்தி நின்னு செல்போன்ல எடுக்குற பசங்ககூட தூக்க பயப்படுறாங்க. 1989-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, முதல்ல வைத்தியம், அப்புறம்தான் போலீஸ்னு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்து, உதவி செய்யிறவரு மேல வழக்கு வராதுன்னும் பேரு அட்ரஸ் சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாதுன்னும் எழுதியே வெச்சிட்டாங்க. நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரிங்கள்ல முதல் 48 மணி நேர விபத்து சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்துக்காரங்களுக்கும் உண்டு. அதனால தயங்காதீங்க. ஹீரோ மாதிரி ரெண்டு கையில வாரித் தூக்கிட்டு மட்டும் ஓடாதீங்க, கழுத்து எலும்பு நகந்திருந்தா கை கால் வராமலே போயிடும். பைக்ல நடுவுல உக்கார வெச்சு கொண்டு வர்றதும் வேண்டாம். நெனவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

போனே வேண்டாம்னு நான் சொல்ல வரல, சொன்னாலும் யாரு கேக்கப்போறா, எங்க ஆஸ்பத்திரி குரூப்லயே காலையில அம்பது குட்மார்னிங் வருது. வலிப்பு விஷயத்துல உங்க போன் எங்களுக்கு ஸ்கேன விட உபயோகம், ஏன்னா டாக்டர் பாக்கும்போது வலிப்பு நின்னு போயிருக்கும். ஒருத்தர் பேஷண்ட ஒருக்களிச்சுப் புடிக்கட்டும், இன்னொருத்தர் வீடியோ எடுக்கட்டும். மூஞ்சி, ரெண்டு கை, ரெண்டு கால் எல்லாம் தெரியணும், எந்தப் பக்கம் முதல்ல இழுக்க ஆரம்பிச்சுது, கண்ணு எந்தப் பக்கம் திரும்புச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, முடிஞ்ச பிறகு பேரு கேட்டா சொல்றாரான்னு நீங்க பேசுற குரலும் அதுலயே பதியட்டும். அத அப்படியே நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, ஸ்டேட்டஸ்ல போட வேண்டாம்.