ஹெட்லைட் அடித்துக் காட்ட ஆளில்லாத நேரத்தில்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஓடுகிறவர்களுக்கு ஒரு பாஷை தெரியும். எதிரே வருகிற வாகனம் இரண்டு தரம் ஹெட்லைட் அடித்தால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே கால் பிரேக்குக்குப் போகும். பொலிஸைக் கடந்ததும் பழையபடி அக்சிலரேற்றருக்கு வந்துவிடும். கிளிநொச்சியில் சாரதிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் பழகி லைசன்ஸ் எடுத்துக்கொண்டு போனவர்களில் சிலர் ஆறு மாதத்தில் தண்டத் துண்டோடு திரும்பி வருவார்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "அண்ணை, லைட் அடிச்சுக் காட்ட ஒருத்தரும் வரேல்லை."

அந்த இடத்தில் வேக எல்லை எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். அதற்குத்தான் பதில் வராது.

எல்லை சிக்கலானது இல்லை. கார், வான், மோட்டார் சைக்கிளுக்குக் குடிமனை, கடை, பாடசாலை நிறைந்த இடத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கே போனாலும் 40. வீதியோரப் பலகையில் இதைவிடக் குறைந்த இலக்கம் போட்டிருந்தால் அங்கே அதுதான் சட்டம். நெடுஞ்சாலை போலத் தெரிந்தாலும் ஏ9 அதிவேகப் பாதை அல்ல. 100 என்ற இலக்கம் தெற்கே அதிவேகப் பாதைகளில்தான்.

வன்னிக்காரர் மாட்டுப்படுவது இந்த 70 முடிந்து 50 தொடங்குகிற இடத்தில். வவுனியாவிலிருந்து வடக்கே வாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஒவ்வொரு ஊரும் காட்டுக்குள்ளிருந்து திடீரென்று எழும்பி நிற்கும். அதுவரை இரண்டு பக்கமும் பற்றை, நேரான வீதி. பத்து நிமிடம் 80இல் ஓடிய கண்ணுக்கு 60 என்பது ஊர்வது போலத் தெரியும். "மெதுவாத்தான் வந்தனான்" என்று பொலிஸோடு வாதாடுகிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்வேன்: முதல் கடையோ பாடசாலை மதிலோ கண்ணில் பட்டதும் வெளியே பார்த்து வேகத்தை மட்டுக்கட்ட வேண்டாம், மீற்றரைப் பாருங்கள்.

சரி, அவசரம் என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். முழுத் தூரமும் 70இல் வந்தால் ஒரு மணி ஒன்பது நிமிடம், 90இல் வந்தால் 53 நிமிடம். மிச்சம் பிடித்தது கால் மணித்தியாலம். நடுவில் ஊர்களில் வேகம் குறைத்தே ஆகவேண்டும் என்பதால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. கிடைத்ததையும் முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிச் செலவழித்துவிடுவோம். 2018இல் உயர்த்திய பட்டியலின்படி வேகத்துக்கு எழுதுகிற தண்டம் 3,000 ரூபா. அதற்கு எத்தனை சரை கச்சான் வரும் என்று பாருங்கள்.

வேகம் கூடும் அளவுக்கு நிறுத்தும் தூரமும் கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 70இல் பிரேக் பிடித்தால் தேவைப்படும் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு 100இல் வேண்டும். அதுவும் கால் பிரேக்கில் பட்ட பிறகு. மாட்டைக் கண்டு கால் போய்ச் சேர ஒரு விநாடி ஆனாலே 100இல் போகிறவர் 28 மீற்றர் கடந்திருப்பார். மாடு என்று சும்மா சொல்லவில்லை. மழைக்காலத்தில் இரவில் சூடான தாரில் வந்து படுக்கிற மாடுகளை இந்தப் பக்கத்தில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். அவை ஹெட்லைட் அடித்துக் காட்டுவதில்லை.

வாகனம் நிறுத்துவது இன்னொரு கூத்து. "ஹசாட் லைட் போட்டிட்டுத்தானே நிப்பாட்டினான்" என்பார்கள், அந்த மஞ்சள் விளக்கு ஏதோ அனுமதிப்பத்திரம் மாதிரி. அது பழுதான வாகனத்தைக் காட்டுவதற்கு. பாதசாரிக் கடவை, சந்தி, வளைவு, பாலம், பஸ் தரிப்பிடம், மற்றவர் வீட்டுப் படலை, ஏற்கெனவே நிற்கிற வாகனத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை: இவற்றில் எங்கே நிறுத்தினாலும் விளக்கு காப்பாற்றாது. இரண்டு நிமிடம் என்பதும் காப்பாற்றாது.

பிழையான இடத்தில் நிறுத்தினால் தண்டம் 1,000 ரூபா. நிறுத்தும்போது முன்னெச்சரிக்கை எடுக்காவிட்டால் 2,000. கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள், எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஹான்ட் பிரேக்கும் இழுக்காமல், பின் சீற்றில் பிள்ளையை இருத்திவிட்டுக் கடைக்குள் போகிற தகப்பன்மாரைக் கிளிநொச்சிச் சந்தையடியில் தினமும் காண்கிறேன். முறிகண்டியில் பிரச்சினை வேறு. வீதியின் இரண்டு பக்கமும் பஸ்ஸும் வானும் நெருக்கமாக நிற்க, அவற்றின் இடுக்கால் ஆட்கள் குறுக்கே வருவார்கள். அங்கே தாரை விட்டு முழுசாக இறக்கி, கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதுதான் என் பழக்கம். அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியைப் பின்விளக்கோ ஒளிதெறிப்பானோ இல்லாமல் இருட்டில் வீதியோரம் விட்டுப் போகிறவர்களுக்கு நான் பொலிஸாக இருந்தால் தண்டம் எழுதுவதோடு விடமாட்டேன்.

துண்டு கையில் வந்துவிட்டது என்றால் முதலில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் விளக்கம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வேகம் என்றால் கருவி காட்டிய இலக்கத்தையும் கேட்கலாம், மரியாதையாக. கைக்குள் ஐந்நூறை வைத்து முடிக்கப் பார்ப்பது தண்டத்தைவிடப் பெரிய குற்றம், வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும்.

லைசன்ஸைப் பொலிஸ் வைத்துக்கொண்டால் அந்தத் துண்டுதான் 14 நாளைக்கு உங்கள் லைசன்ஸ். அதற்குள் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கொடுத்து லைசன்ஸை மீட்கவேண்டும். 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பு, 28 நாளும் கடந்தால் நீதிமன்றம். அரசாங்கத்துக்கு இணையவழியில் பணம் கட்டும் கவ்பே (GovPay) மூலம் நின்ற இடத்திலேயே போனில் கட்டி லைசன்ஸைக் கையோடு வாங்கும் வசதி 2025இலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. மறித்தவரிடமே அதைப் பற்றிக் கேளுங்கள். பிழை செய்யவில்லை என்று உறுதியாக நினைக்கிறவர் பணம் கட்டாமல் நீதவான் முன் சொல்லலாம்.

என்னிடம் பழகிய ஒரு தம்பி முல்லைத்தீவுப் பக்கம் போனபோது துண்டு வாங்கினான். "பிறகு அந்தப் பக்கம் போகேக்க கட்டுவம்" என்று காற்சட்டைப் பைக்குள் வைத்தான். தாய் உடுப்போடு சேர்த்துத் தோய்த்துவிட்டா. எழுத்தும் இல்லை, திகதியும் இல்லை. அவன் என்னிடம் வந்தது 31ஆம் நாள். வழக்குக்குப் போன நாளில் கூலி வேலையும் போயிற்று. இப்போது முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: துண்டு தந்தால் அந்த இடத்திலேயே போனில் ஒரு படம் எடுங்கள்.