சமவெளியில் ஒரு மலை ஏரி: கொங்கு வெயிலில் ஆக்சலாட்டல் தொட்டி இயங்கும் விதம்

வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆக்சலாட்டல் என்ற நீர்வாழ் உயிரினத்தின் பூர்வீகம் மெக்சிகோ நகரின் தெற்கு விளிம்பில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும் ஆகும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. வெப்பமண்டலத்துக்குள் அமைந்திருந்தும் அந்த நீரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை அரிதாகவே தாண்டுகிறது என்றால், அதற்கு அந்த உயரமே காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது என்ற கணக்கின்படி, சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோயம்புத்தூர் உதகையைவிட ஏறத்தாழ 12 டிகிரி சூடாக இருக்க வேண்டும். 200 மீட்டருக்கும் தாழ்வான ஈரோட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். கொங்குச் சமவெளியில் இந்த உயிரினத்தை வளர்க்க விரும்புவோர் செய்ய வேண்டிய எல்லா ஏற்பாடுகளும் இந்த உயர வேறுபாட்டை ஈடுகட்டும் முயற்சிகளே எனலாம்.

ஆக்சலாட்டல் மீன் அன்று. தவளைக்கு உறவான, வாலுள்ள இருவாழ்வி. பெரும்பாலான இருவாழ்விகள் இளம்பருவத்தை நீரில் கழித்துவிட்டு, தைராய்டு சுரப்பின் தூண்டுதலால் உருமாறிக் கரையேறும். ஆக்சலாட்டலில் அந்தத் தூண்டுதல் போதிய அளவுக்கு நிகழ்வதில்லை என்பதால், தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே தங்கி, அந்த இளம் உருவத்திலேயே இனப்பெருக்கமும் செய்கிறது. தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் கிடையாது. தொட்டி நீரின் வெப்பநிலை எதுவோ அதுவே அதன் உடலின் வெப்பநிலையும் ஆகும்.

நீர் சூடாகும்போது உடலின் வேதிவினைகள் விரைவடைவதால் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரத்தில் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனோ குறைகிறது. கடல் மட்ட அழுத்தத்தில் 18 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்குகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலையில் விலங்கு அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும், உணவை மறுக்கும், செவுள்களை முன்னோக்கி வளைத்துக்கொள்ளும்; நாளடைவில் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, செவுளிலும் தோலிலும் பஞ்சு போன்ற பூஞ்சை படரும். 16 முதல் 18 டிகிரி வரை உகந்தது, 20 வரை தாங்கக்கூடியது, 24-க்கு மேல் தொடர்ந்து நீடித்தால் ஆபத்து என்பது வளர்ப்போர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. சித்திரை மாதத்தில் கரூரிலோ திருப்பூரிலோ வீட்டுக்குள் வைத்த குடத்து நீர்கூட இந்த வரம்புக்குள் நிற்காது.

நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுவதே மலிவான வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், வெளியிலிருந்து வேறு வெப்பம் உள்ளே வராத நிலையில், 100 லிட்டர் நீரை 5 டிகிரிக்கு மேல் குளிர்விக்கப் போதுமானது. கொங்கு நாட்டுக்கு இதில் ஓர் இயற்கைச் சலுகை உண்டு. ஆவியாதலால் நீர் எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையை எட்ட முடியும் என்பது காற்றின் வறட்சியைப் பொறுத்தது: 36 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 விழுக்காடாக இருந்தால் அந்தக் கீழ்வரம்பு 21 அல்லது 22 டிகிரி, கடலோரத்தில் 34 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆகவே பங்குனியின் வறண்ட காற்றில் மின்விசிறி இங்கே சென்னையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தக் கீழ்வரம்பை எந்தத் தொட்டியும் முழுமையாக எட்டுவதில்லை. நடைமுறையில் கிடைப்பது இரண்டு முதல் நான்கு டிகிரிக் குறைவே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் அது போதுமானதாகத் தோன்றலாம், கோடையில் போதாது.

எனவே கம்ப்ரசருடன் கூடிய சில்லர் எனும் நீர் குளிரூட்டும் கருவி தேவைப்படுகிறது. எவ்வளவு திறனுள்ளது வேண்டும் என்பதைக் கடைக்காரரின் ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டே பார்க்கலாம். 90 சென்டிமீட்டர் நீளத்தில் 150 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் நீர் 18 டிகிரியிலும் அறை 33 டிகிரியிலும் இருந்தால், பக்கச் சுவர்கள் வழியாக மட்டுமே ஏறத்தாழ 100 வாட் வெப்பம் இடைவிடாமல் உள்ளே கசியும். மூடியையும் அடிப்பரப்பையும் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால், குளிரூட்டல் நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் நீர் ஒரு டிகிரி ஏறிவிடும். பார்வைக்கு ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கங்களுக்கும் அடிப்பகுதிக்கும் தெர்மாகோல் ஒட்டினால் இந்தக் கசிவு வெகுவாகக் குறையும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் ஏற்பாடு வேறில்லை. சில்லர் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அறைக்குள்ளேயே ஊதுகிறது என்பதால், அதைத் தொட்டிக்கு அடியில் உள்ள மர அலமாரிக்குள் அடைத்து வைப்பது தன் வெப்பத்தைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளச் செய்வதாகும். கம்ப்ரசர் இல்லாமல் மின்னோட்டத்தாலேயே குளிரும் பெல்டியர் வகைக் குளிரூட்டிகள் விலை குறைந்தவை. இந்தச் சுமையை அவை தாங்க மாட்டா.

மின்தடையின்போது உறைந்த நீர் பாட்டில்களை மிதக்கவிடுவது வழக்கம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி 18 டிகிரியை எட்டுவதற்குள் ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 150 லிட்டர் நீரில் அது 0.6 டிகிரி இறக்கத்துக்குச் சமம். சில மணி நேரத்தைக் கடத்த இது உதவும். ஒரு கோடையைக் கடத்த உதவாது. சில்லருக்கும் இன்வெர்ட்டருக்கும் சேர்த்துச் செலவு செய்ய இயலாதவர்கள் இந்த விலங்கை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆக்சலாட்டல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இத்தகைய அயல் உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் நொய்யலிலோ ஊர்க்குளத்திலோ விட்டுவிடுவது எவ்வகையிலும் தீர்வாகாது.

வெப்பத்துக்கு அடுத்தது நீரின் வேதியியல். ஐந்து கிராம் எடையுள்ள ஒரு மண்புழுவில் ஏறத்தாழ அரை கிராம் புரதம் இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அது முழுவதும் கழிவாக வெளியேறினால், 150 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் சேரும். பார்வைக்குத் தெளிந்திருக்கும் நீரிலும் இது செவுள்களை அரிக்கும் நஞ்சு. தொட்டியில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கும். நைட்ரேட் ஓரளவு வரை தீங்கற்றது, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினால் வெளியேறிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும். விலங்கு வருமுன்பே, வெறும் தொட்டியில் சிறிதளவு அம்மோனியாவை இட்டு இவற்றை வளர்க்க வேண்டும். இவை பெருகுவதற்கு 25 முதல் 30 டிகிரி வரையிலான சூடு உகந்தது என்பதால், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கொங்கு வெயில் நமக்குத் துணை நிற்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிலைத்த பிறகு சில்லரை ஓடவிட்டால் போதும்.

எந்த நீரை நிரப்புவது என்பதில் இப்பகுதியினர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கோவையில் பெருமைக்குரிய சிறுவாணி நீர் மிக மென்மையானது; குடிக்க இனிது, ஆனால் அதை மட்டும் நிரப்பிய தொட்டியில் ஒரு சிக்கல் எழும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் இருப்பு, செலவாகிறது. மென்னீரில் அந்த இருப்பு விரைவில் தீர்ந்து, நீரின் அமில-கார அளவான பி.எச். சரிய, பாக்டீரியாக்களின் வேலை தளர்ந்து அம்மோனியா மீண்டும் தலைதூக்கும். மேலும் ஆக்சலாட்டலுக்கே ஓரளவு கடினநீர்தான் ஏற்றது. போர் தண்ணீரில் கடினத்தன்மைக்குக் குறைவில்லை, அதன் பி.எச். பெரும்பாலும் 8-ஐ ஒட்டியிருக்கும். அங்கேதான் வேறொரு தொல்லை. 25 டிகிரியில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 0.6 விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8 ஆகும்போது அது 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நீரை 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது மூன்றேகால் விழுக்காடாகக் குறையும். ஆற்று நீரையும் போர் நீரையும் கலந்து பி.எச். 7.4 முதல் 7.6 வரை நிறுத்துவது நடைமுறைக்கு ஏற்ற வழி. ஆனால் உரமிட்ட தோட்டங்களின் நடுவே உள்ள போர்களில் நைட்ரேட் முன்பே மிகுந்திருக்கலாம். நொய்யல் கரையோர நிலத்தடி நீரில் சாயக் கழிவின் உப்பும் ஏறியிருக்கிறது. ஆகவே டெஸ்ட் கிட்டை முதலில் தொட்டியில் அல்லாமல் குழாய் நீரிலேயே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். நகராட்சிக் குழாய் நீரிலுள்ள குளோரின் செவுளையும் பாக்டீரியாவையும் ஒருங்கே தாக்கும் என்பதால் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலால் அதை நீக்க வேண்டும். மின்விசிறியால் ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றுவது மட்டும் மென்னீராக இருக்கட்டும். உப்புகள் ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்கிச் செறிகின்றன.

தொட்டியின் உள்ளமைப்பு எளிது. நீரோட்டம் மெதுவாக இருக்க ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏற்றது. இமையற்ற கண்களுக்கு வெளிச்சம் கூசும் என்பதால் ஒளிந்துகொள்ள மண்குழாயோ உடைந்த பானையோ வேண்டும். கூழாங்கல் கூடவே கூடாது. அதற்கான காரணம் அது உண்ணும் முறையில் இருக்கிறது: ஆக்சலாட்டல் கடித்து மெல்வதில்லை. இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து தொண்டைத் தளத்தைக் கீழே இறக்க, நீரும் இரையும் ஒன்றாக, நம் கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் உள்ளே உறிஞ்சப்படுகின்றன. அடியில் கிடக்கும் கல்லும் அப்படியே சேர்ந்து போய்க் குடலை அடைத்துவிடும். மிக நுண்ணிய மணல் அல்லது வெறும் கண்ணாடித் தளமே பாதுகாப்பானது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் அசையும் இரையை மட்டுமே உண்ணும் என்பதால், அவற்றுக்குப் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகை தேவை. சற்று வளர்ந்தவற்றுக்கு ரத்தப்புழு நாள்தோறும்; 20 சென்டிமீட்டரைத் தாண்டியவற்றுக்கு மண்புழு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை போதும். உடலின் அகலம் தலையின் அகலத்தை மீறாதிருப்பதே அளவான உணவின் அடையாளம். மிச்சத்தை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கப்பி போன்ற மீன்களை இரையாக விட்டால் அவற்றுடன் ஒட்டுண்ணிகளும் வரும்.

மண்புழு உரக் கூடங்கள் நிறைந்த நம் பகுதியில் புழுவுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எந்தப் புழு என்று பார்க்க வேண்டும். ஐசீனியா ஃபெட்டிடா என்ற சிவந்த வரிப்புழு, தொந்தரவு செய்தால் நாற்றமுள்ள மஞ்சள் நீரைச் சுரக்கும். பல ஆக்சலாட்டல்கள் அதை வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிடுகின்றன. யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழு பெரியது, விரும்பி உண்ணப்படுவது. துண்டாக்கி இளையவற்றுக்கும் தரலாம். பூச்சிமருந்து தெளித்த வயலில் தோண்டிய புழுவைத் தவிர்க்க வேண்டும். ரத்தப்புழுப் பொட்டலத்தை வைப்பதுபோல யூட்ரிலஸை ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் தாங்காமல் செத்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் தென்னை நார்க் கழிவை உப்பு நீங்க இரண்டு மூன்று முறை அலசி, ஈரமாக மண்சட்டியில் நிரப்பி, நிழலில் வைத்து அதில் வளர்க்கலாம். உணவிடுவதற்கு முந்தைய நாள் தேவையான புழுக்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அவற்றின் குடலில் உள்ள மண் வெளியேறிவிடும். மறுநாள் குளோரின் நீக்கிய நீரில் அலசி, நீண்ட இடுக்கியால் வாய்க்கு அருகில் நீட்டலாம்.