வாட்ச்: சொல் வந்த வழியும் தமிழ்ப் பெயரும்

வாட்ச்மேன் என்கிறோமே, அதில் இருக்கும் வாட்ச்சும் மணிக்கட்டில் கட்டும் வாட்ச்சும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தூங்காமல் விழித்திருத்தல், காவல் இருத்தல் என்று பொருள். இரவைக் காவல்முறைகளாகப் பிரித்து, ஒரு முறையையும் வாட்ச் என்றார்கள். நம் யாமம், சாமம் மாதிரி. தமிழ் பைபிளில் 'இரவின் நாலாம் ஜாமத்திலே' என்று வரும் இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது இந்தச் சொல்லே. 15ஆம் நூற்றாண்டில் தூங்குகிறவரை எழுப்பும் கடிகாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கையோடு கொண்டுபோகும் சின்னக் கடிகாரத்துக்கும் அதுவே பெயரானது. கப்பல் மாலுமிகளின் காவல்முறையிலிருந்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. எனக்கு எழுப்பும் கடிகாரமே பொருத்தமாகப் படுகிறது.

சொல்லை விட்டு வாட்ச் என்ற கருவியைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஜெர்மனியின் நியூரம்பர்க்குக்குப் போக வேண்டும். பீட்டர் ஹென்லைன் அங்கே பூட்டு செய்கிறவர். இரும்பில் பல சக்கரங்களோடு, 40 மணி நேரம் ஓடி மணியும் அடிக்கும் கடிகாரங்களை அவர் செய்ததாகவும், அவற்றை மார்பிலோ பணப்பையிலோ வைத்துக்கொள்ளலாம் என்றும் 1510களில் எழுதிய குறிப்பு இருக்கிறது. முதல் வாட்ச் அவருடையதுதான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை; சுருள்வில் கடிகாரங்கள் அதற்கு முன்பே இருந்தன.

தொங்கும் எடைக்குப் பதில் சுருள்வில் வந்ததால்தான் கடிகாரம் சுவரை விட்டு இறங்கியது. ஆனால் அந்த வில்லுக்கு ஒரு கெட்ட குணம். சாவி கொடுத்ததும் பலமாக இழுக்கும், அவிழ அவிழ வலு குறையும். கடிகாரமும் முதலில் வேகமாக ஓடிப் பிறகு சுணங்கும். இதைச் சரிக்கட்ட ஒரு கூம்பு உருளை வைத்தார்கள். வில் பலமாக இருக்கும்போது கூம்பில் சுற்றிய நரம்புக் கயிறு அதன் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கும், வலு குறையும்போது அகன்ற பக்கத்தை இழுக்கும். பிற்பாடு நரம்புக்குப் பதில் பொடிச் சங்கிலி வந்தது. இவ்வளவு செய்தும் நாளைக்கு அரை மணி நேரம் தவறுவது சாதாரணம். அதனால் அந்தக்கால வாட்ச்சுகளில் பெரும்பாலும் ஒரே முள், மணி முள் மட்டும். நிமிடத்தைக் காட்டி என்ன பயன்?

1675இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரத்தில் மெல்லிய சுருள்வில்லைப் பொருத்தினார். அது தன் யோசனை என்று ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார். தவறு சில நிமிடங்களாகக் குறைந்தது, அப்புறம்தான் நிமிட முள் பரவலானது. மணிக்கட்டில் கட்டுவது பெண்கள் அணியும் நகையாகவே வெகுகாலம் கருதப்பட்டது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போர்வீரர்கள் கையில் கட்டியது அந்த எண்ணத்தை மாற்றியது. 1969இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம், படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சரி, தமிழ்ச் சொல்? கடிகாரம், பேச்சில் கடியாரம். இதன் வேர் வடமொழியின் கடிகா, அதாவது சிறு குடம். அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மூழ்கும் நேரம் ஒரு கடிகை, நம் கணக்கில் ஒரு நாழிகை, 24 நிமிடம். நீரைக் கொண்டு பொழுது அளப்பது தமிழுக்குப் புதிதல்ல. முல்லைப்பாட்டில் 'பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்' அரசனுக்கு நேரம் சொல்வது 'குறுநீர்க் கன்னல்' என்ற நீர்க்கடிகாரம் பார்த்துத்தான்.

தனித்தமிழில் மணிக்காட்டி என்கிறார்கள். ஈழத்தில் மணிக்கூடு நாவில் புழங்கும் சொல், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனாலும் தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் கைக்கடிகாரம் என்பதே சட்டென்று விளங்கும். ஸ்டாப் வாட்ச்சுக்குப் பாடநூல்கள் நிறுத்துக் கடிகாரம் என்கின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் வாட்ச்சுக்குத் திறன் கடிகாரம் என்பது காதில் விழத் தொடங்கியிருக்கிறது. ஸ்மார்ட்போனுக்குத் திறன்பேசி நிலைத்துவிட்டதால் இதற்கும் வாய்ப்புண்டு.