ஸ்ப்ராக்கெட் என்பது பற்சக்கரம் அல்ல

"பற்சக்கரத்தின் சுருதியும் சங்கிலியின் சுருதியும் ஒன்றாக இருப்பதை உறுதி செய்யவும்." ஒரு செயின்சாவோடு வந்த தமிழ்க் குறிப்புத் தாளில் இருந்த வரி இது. யாரோ தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு தென்னை மரம் அறுக்கிற மாதிரி ஒரு காட்சி எனக்கு வந்து போனது. சரி, சுருதியை விடுங்கள், 'பிட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துக் கணினி அடித்த கூத்து என்று சிரித்துவிட்டுப் போகலாம். பற்சக்கரம் அப்படியில்லை. அது படித்தவர்கள் யோசித்துப் போடுகிற சொல், பாடநூல் தொனியில் வருவதால் யாரும் சந்தேகப்படுவதும் கிடையாது. சங்கிலி மாட்டி ஓடும் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குப் பற்சக்கரம் என்று போன மாதம் மட்டும் நான்கு இடத்தில் பார்த்துவிட்டேன், இனிப் பொறுப்பதற்கில்லை.

ஆங்கிலத்தில் ஸ்ப்ராக்கெட்டின் வேர் யாருக்கும் தெரியாது. 16ஆம் நூற்றாண்டில் அது தச்சர் சொல், கூரைச் சட்டத்தில் வைக்கும் ஒரு மரத்துண்டின் பெயர். 18ஆம் நூற்றாண்டில், சக்கர விளிம்பிலிருந்து நீட்டிக்கொண்டு சங்கிலிக் கண்ணிக்குள் போய் மாட்டும் முனைக்கு அந்தப் பெயர் வந்தது, அப்புறம் சக்கரத்துக்கே ஆகிவிட்டது. இயந்திரத்துக்குள் வந்த நாளிலிருந்து சங்கிலி இல்லாமல் இந்தச் சொல் இல்லை. அதைத்தான் பற்சக்கரம் தொலைத்துவிடுகிறது.

பற்சக்கரம் என்றால் கியர். பல்லும் பல்லும் நேராகக் கவ்வும், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். இலங்கையில் பற்சில்லு என்கிறார்கள், இங்கே அறிவியல் எழுதுகிறவர்கள் சிலர் பல்லிணை என்கிறார்கள், இரண்டும் அருமையான சொற்கள், கியருக்கு. ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிரே இணைப் பல்லே கிடையாதே. சைக்கிளைப் படுக்கப் போட்டுப் பாருங்கள், முன்னால் பெரியது, பின்னால் சின்னது, ஒன்றையொன்று தொடுவதே இல்லை, இரண்டும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகின்றன.

"சைக்கிள் கடையில் பல் சக்கரம் என்றுதானே கேட்டு வாங்குகிறோம்" என்று ஒருவர் என்னை மடக்கினார். கேட்கலாம், அங்கே குழப்பம் வராது, ஏனென்றால் பழைய சைக்கிளில் பல் உள்ள சாமான் வேறு எதுவும் இல்லை. செயின்சாவில் கதை வேறு. அங்கே பல் என்றால் மரத்தை அறுக்கிற பல், காலையில் வேலைக்கு இறங்கும் முன் உருட்டு அரத்தால் ஒவ்வொன்றாக ராவுகிறார்களே, அது. (அந்தப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர் மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்து வடிவமைத்தது.) "பல்லு போச்சுண்ணே" என்றால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த இயந்திரத்தில் போய் 'பற்சக்கரத்தின் பல் தேய்ந்திருந்தால் மாற்றவும்' என்று எழுதினால் வாசிப்பவர் எந்தப் பல்லைப் பார்ப்பார்? போதாக்குறைக்கு, மர மில்லில் பல் வைத்த சக்கரம் என்றால் வட்ட ரம்பத் தட்டுதான் ஞாபகம் வரும்.

இது வெறும் வாதமில்லை, பணம் போன கதையும் இருக்கிறது. பேராவூரணிப் பக்கம் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பைச் சாய்த்த பிறகு ஸ்டில் 250 என்ற செயின்சா ஒன்றை வாங்கினார். அதன் பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு, வளைந்துபோனதும் அண்ணன் வீட்டு ஸ்டில் 180இன் பாரையும் சங்கிலியையும் கழற்றி இதில் மாட்டினார். பார் கச்சிதமாக உட்கார்ந்தது, இரண்டு மிஷினுக்கும் பாரின் அடிப்பக்க வெட்டு ஒன்றுதான். சங்கிலி மட்டும் ஸ்ப்ராக்கெட்டில் இறங்காமல் முள்ளின்மேல் ஏறி நின்றது. கண்ணிகளின் இடைவெளிக் கணக்கில் 180இன் சங்கிலி 3/8 அங்குலம், உயரம் குறைந்த வகை, அவருடைய 250இல் இருந்த ஸ்ப்ராக்கெட் 0.325 அங்குலம். மரம் அறுக்க வரும் தம்பி பார்த்த மாத்திரத்தில் "இது ஓடாதுண்ணே" என்று சொல்லிவிட்டார். நண்பர் விடவில்லை, ஸ்ப்ராக்கெட்டை மாற்றிவிடலாம் என்று, தமிழில் பட்டியல் போட்டிருந்த ஒரு விற்பனையாளரிடம் 'பற்சக்கரம்' என்றிருந்ததை வரவழைத்தார். வந்தது எண்ணெய் பம்பை ஓட்டுகிற குட்டிக் கியர். யாரைக் குறை சொல்வது? அதுவும் பற்சக்கரம்தானே, சொல்லப்போனால் அந்த மிஷினில் அதுதான் உண்மையான பற்சக்கரம்!

நான் போடும் சொல் கண்ணிச்சக்கரம். சங்கிலியின் ஒரு வளையத்துக்குக் கண்ணி என்பது ஊரில் புழங்கும் சொல். பழைய தமிழில் தலையில் சூடும் பூமாலையும் கண்ணி, சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. பாட்டில் இரண்டிரண்டு அடியாகத் தொடுப்பதும் கண்ணி. கோத்துக்கொண்டு போகிற எதற்கும் பொருந்துகிற சொல். கண்ணிவெடி ஞாபகம் வருகிறதே என்பார்கள். வரட்டும், மீன் கண்ணும் கண்ணாடியும் ஞாபகம் வந்தாலும் கண் டாக்டரிடம் போகிறோம். சக்கரம் வடமொழி என்று முகம் சுளிப்பவர்கள் கண்ணிச்சில்லு என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குத் தகராறு இல்லை. அதன் நீட்டல்களை மட்டும் பல் என்று சொல்லாமல் முள் என்று சொல்லிவிட்டால் அரம் போடும் பல்லோடு மோதாது.

அடுத்து, தம்பூராக்காரர் போட்ட சுருதி. திருகாணியில் இரண்டு புரிக்கு இடைப்பட்ட தூரத்துக்குப் புரியிடை என்று தமிழில் எப்போதோ சொல் வந்துவிட்டது. அதே அச்சில் சங்கிலிக்குக் கண்ணியிடை. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் நடுவே உள்ள மொத்தத் தூரத்தை இரண்டால் வகுத்தால் கண்ணியிடை, 0.325 அங்குலம் என்றால் ஏறத்தாழ 8.25 மில்லிமீட்டர், 3/8 என்று பெயர் போட்ட சங்கிலியில் உண்மையில் 9.32. கிளட்ச் டிரம்மோடு சுற்றும் கண்ணிச்சக்கரம், சங்கிலி, பாரின் மூக்கில் இருக்கும் குட்டிக் கண்ணிச்சக்கரம், இந்த மூன்றிலும் கண்ணியிடை ஒன்றாக இருக்க வேண்டும். சங்கிலியின் கீழ்நாக்கு பாரின் பள்ளத்தில் ஓடுவதால் அதன் தடிமன் தனிக் கணக்கு, 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும், அது பாரோடு ஒத்துப்போனால் போதும். இவ்வளவையும் 'சுருதி' என்ற ஒரு சொல்லில் மூழ்கடித்துவிட்டு, பக்கத்திலேயே பாருக்கு 'வழிகாட்டிப் பட்டை' என்று வேறு போட்டிருந்தார்கள். மரம் வெட்டுகிறவரிடம் பட்டை என்றால் அவர் மரப்பட்டையைத்தான் பார்ப்பார் என்று மொழிபெயர்த்தவருக்குத் தோன்றவில்லை. அவர் செயின்சாவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார், அகராதியில் முதலில் வந்ததை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். அதற்கு பார் என்றே விட்டிருக்கலாம். புரியாத தமிழைவிடப் புரியும் பார் எவ்வளவோ மேல்.

நண்பருக்காக ஒரு துண்டுத் தாளில் 'கண்ணிச்சக்கரம், 7 முள், கண்ணியிடை 0.325, அதே அளவில் பாரும் சங்கிலியும்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தம்பி வாங்கி வாசித்தார். "செயின் கண்ணி மாட்டுற சக்கரம், ஸ்ப்ராக்கெட்டுதானேண்ணே?" என்றார். நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. கடையில் போய் ஸ்ப்ராக்கெட் என்றே கேட்டு, சரியான சாமானோடு சாயங்காலம் வந்து சேர்ந்தார்.