கண்ணே கருவியாக இருந்த காலத்து அளவுகோல்

இரவு வானில் நமக்குத் தெரியும் விண்மீன்களிலேயே பிரகாசமானது சிரியஸ். அதன் ஒளித்தரம், அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண், −1.46. துருவ விண்மீனுக்கு ஏறக்குறைய 2. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு எட்டும் மங்கலான மீன்களுக்கு 6. ஒளி குறையக் குறைய எண் ஏறுகிறது. இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால், இந்த எண் அளவாகப் பிறக்கவில்லை, வகுப்பில் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்பதுபோல வரிசையாகப் பிறந்தது.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் வானத்தை ஆராய்ந்த ஹிப்பார்க்கஸ் ஒரு விண்மீன் பட்டியலைத் தொகுத்தார். புதிதாக ஒரு விண்மீனைக் கண்டதால்தான் அதில் இறங்கினார் என்கிறார் ரோமானியரான பிளினி. விண்மீன்கள் பிறக்கின்றனவா, அழிகின்றனவா, ஒளி கூடுகிறதா, குறைகிறதா என்று பின்னால் வருபவர்கள் சரிபார்க்க வேண்டும் என்பதே நோக்கமாம். அந்தப் பட்டியல் முழுதாகக் கிடைக்கவில்லை. சினாய் மடாலயத்தின் பழைய தோல் ஏடு ஒன்றில், சுரண்டி மேலெழுதிய எழுத்துகளுக்கு அடியிலிருந்து அதன் சில வரிகளை மீட்டதாக 2022-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

விண்மீன்களைப் பிரகாசத்தின்படி முதல் தரம் தொடங்கி ஆறாம் தரம் வரை பிரித்த முறையை ஹிப்பார்க்கஸ் பெயரிலேயே சொல்வது வழக்கம். ஆனால், எஞ்சியிருக்கும் அவருடைய உரைநூலில் ‘பளிச்சென்றது’, ‘மங்கலானது’ என்ற வகைச் சொற்களே வருகின்றன. ஆறு தரங்களோடு முழுமையாக நம் கைக்கு வந்திருப்பது, கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய ‘அல்மகெஸ்ட்’ என்ற வானியல் நூல். அதில் ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட விண்மீன்கள். சிலவற்றின் தரத்தோடு ‘சற்றுக் கூடுதல்’, ‘சற்றுக் குறைவு’ என்ற குறிப்பும் உண்டு. அந்தக் குறிப்புகளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே தரத்துக்குள்ளும் வேறுபாட்டைக் கண்ட ஒருவர் அதை விட்டுவிட மனமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்.

கருவியே இல்லாமல் இது எப்படிச் சாத்தியமாயிற்று? கார்த்திகை மாலையில் இருட்டுத் திண்ணையில் ஓர் அகல் எரிகிறது என்று வையுங்கள். இன்னொன்றை ஏற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். நூறு அகல் எரியும் முற்றத்தில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்கும் தெரியாது. அதே அளவு வித்தியாசம் தெரிய, கிட்டத்தட்ட இன்னும் நூறு வேண்டும். கண் உணர்வது எத்தனை கூடியது என்பதை அல்ல, எத்தனை மடங்கு ஆனது என்பதை. அதனால் கண்ணுக்குச் சம இடைவெளியாகத் தெரிந்த ஆறு படிகள், ஒளியின் கணக்கில் பெருக்கல் படிகளாக அமைந்துவிட்டன.

அந்தப் பெருக்கலுக்குத் துல்லியம் கொடுத்தவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். முதல் தர விண்மீனிலிருந்து வரும் ஒளி ஆறாம் தரத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஐந்து படிகளுக்குச் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர், 1856-ல். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இப்படி அளந்தபோது, பழைய முதல் தரத்துக்குள் அடங்கியிருந்த மிகப் பிரகாசமானவை 1-ஐத் தாண்டி, 0-வையும் தாண்டி, மைனஸுக்குப் போயின. சிரியஸுக்கும் துருவ விண்மீனுக்கும் இடைவெளி சுமார் மூன்றரைப் படி, அதாவது ஏறத்தாழ 24 மடங்கு ஒளி.

போக்சன் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தை 1891-ல் இறக்கும்வரை நடத்தினார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீனான ஆர் ரெட்டிகுலியை 1867-ல் கண்டறிந்தார்.

ஒளி மாறுவதைக் கண்டுபிடிக்கப் பழைய வழியே இன்றும் போதும்: பக்கத்து விண்மீனோடு ஒப்பிடுவது. திருவாதிரை வழக்கமாக ரோகிணியைவிடச் சற்றுப் பிரகாசமாகத் தெரியும். 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் ஒளித்தரம் 1.6 வரை இறங்கி, ரோகிணிக்குப் பின்னால் போய்விட்டது. அந்த விண்மீனே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி அதை மறைத்ததே முக்கியக் காரணம் என்று பிறகு விளக்கினார்கள். ஆனால், அது மங்கியதைப் பார்க்கத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. மொட்டைமாடியில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாலே தெரிந்தது.